கோயில் பக்கம், கடல் பக்கம்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இப்படி வாருங்கள். செயலாளர் கிளாரன்ஸ் தூத்துக்குடிக்குப் போயிருக்கிறான், திரும்பி வர ஒரு மணியாவது ஆகும். அதுவரை கிளப் சாவி என் கையில்தான். ஆதரவாளர் ஆலோசனைக் குழுத் தலைவர் என்ற முறையில்.

நாகப்பட்டினத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். எதற்கு? எங்கள் ஓஷன் ஸ்டார் கிளப்பின் ஐந்தாண்டுத் திட்டத்தை ஒரு பிரதி வாங்கிப் போய் உங்கள் கிளப்பிலும் நடத்திப் பார்க்கலாம் என்று. திட்டம் போட்ட முதல் வருடமே எங்கள் வலம்புரித்துறைக்காரன் கோப்பையைத் தூக்கிவிட்டான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வேறு யார் சொல்லியிருப்பார்கள், கிளாரன்ஸ்தான். போனில் நன்றாகப் பேசுவான்.

நான் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு புத்தகம் வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

என் பெயர் இஞ்ஞாசி. தோணியில் தண்டலாக இருந்தவன். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். கரை தாண்டிவிட்டால் அவன் வாயிலிருந்து வருவதுதான் சட்டம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப் போய் வந்தேன். கரையில் இருந்த நாளெல்லாம் இந்த மைதானம். முப்பத்தொரு வருடம், எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவேன். உட்காருவேன் என்பது பேச்சுக்கு. ஆட்டம் தொடங்கிவிட்டால் எங்கே உட்கார. ஆஃப் டைமில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போவேன். எங்கள் கோல்கீப்பர் எங்கேயோ அங்கே நான்.

வேலை சுலபமில்லை. மைதானம் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. கிழக்கே கடல், மேற்கே கோயில். எதிரணிக்காரன் பந்தைக் கொண்டு வரும்போதே எந்தப் பக்கம் அடிப்பான் என்று எனக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதீர்கள். அலை எந்தப் பக்கம் புரளும் என்று தெரிகிறதல்லவா, அப்படி. உடனே கத்துவேன். "கோயில் பக்கம்!" இல்லையென்றால் "கடல் பக்கம்!" இடது வலது எல்லாம் கிடையாது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் கடல் எது, கோயில் எது என்று தெரியும்.

கோல்கீப்பர் ரோமால்ட் என் அக்கா மகன். தங்கமான பையன். நான் கோயில் பக்கம் என்றால் கோயில் பக்கம் விழுவான், கடல் பக்கம் என்றால் கடல் பக்கம் விழுவான். ஒரு தடவை கூட மாற்றி விழுந்ததில்லை. மாமா சொல்லைத் தட்டமாட்டான்.

கோல் விழாதா என்றால் விழும். பந்துதானே, அது யார் சொல்வதைக் கேட்கும்?

என்னை இந்தப் பக்கத்தில் எல்லா ஊர் அணிக்கும் தெரியும். நம்ம ஆட்கள் கொடுக்காத மரியாதையை எதிரணிக்காரன் கொடுப்பான், அதையும் சொல்ல வேண்டும். தோப்புவிளை பிரதர்ஸ் என்று ஒரு டீம், எங்களுக்குப் பரம எதிரி. வேனை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, "மாமா வந்தாச்சா?" டீ வாங்கிக் கொடுப்பார்கள். வெயிலில் நிற்கிறேனே என்று ஒரு வருடம் தொப்பி கொடுத்தார்கள். எனக்குச் சிக்குன்குனியா வந்து படுத்தபோது அவர்கள் கேப்டன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான், ஆரஞ்சுப் பழத்தோடு. "மாமா, நீங்க சீக்கிரம் எந்திரிச்சு வரணும், நீங்க இல்லாம ஆட்டம் நல்லாவே இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். கண் கலங்கிவிட்டது எனக்கு. விளையாட்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்படி நடந்துகொண்டிருந்த கிளப்பில்தான் கிளாரன்ஸ் வந்து சேர்ந்தான். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் பதினாலு வருடம். என்ன வேலை என்று கேட்டால், "திட்டம் போடுற வேலை மாமா" என்பான். போட்ட திட்டத்தை யார் நடத்துவார்கள் என்றால், "அது வேற டிபார்ட்மெண்ட்." ஊருக்கு வந்த மூன்றாம் மாதம் செயலாளர். நாலாம் மாதம் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் பொதுக்குழு. ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தான். அறுபத்து நாலு பக்கம், சுருள் கம்பி போட்டது. அட்டையில் ஒரு பெரிய ஸ்டேடியம், கூரையெல்லாம் வளைந்து வளைந்து.

என் பக்கத்தில் தொம்மை. தோணியில் என்னோடு இருபது வருடம் வந்தவன், வாயை மூடத் தெரியாதவன். அவன் எழுந்தான்.

"இது எந்த ஊரு கிரவுண்டு?"

"சும்மா ஒரு மாதிரிப் படம் அண்ணே."

"நம்ம கிரவுண்டுல மரியலீலா ஆடு மேயுதே, அது படத்துல இல்லையே?"

"அது 2029-ல இருக்காது."

"ஆடு இருக்காதா, மரியலீலா இருக்கமாட்டாளா?"

மரியலீலா பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் அரைமணி நேரம் திட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு கிளாரன்ஸ் வாசித்தான். 2029-க்குள் மாநிலத்தில் முதல் எட்டு அணிகளில் ஒன்றாக வருவோம். ஏன் எட்டு, ஏன் ஏழு இல்லை என்று ஒருவன் கேட்டான். ஆறாவது என்று போட்டால் என்ன, பேப்பர்தானே என்றான் இன்னொருவன். காலை ஐந்தரைக்குப் பயிற்சி என்று எழுதியிருந்தது. நான் எழுந்தேன்.

"ஏல கிளாரன்ஸ், அஞ்சரைக்கு உன் ஃபார்வர்டு எங்க இருப்பான் தெரியுமா? நடுக்கடல்ல வலை வாங்கிட்டு இருப்பான். அங்க வந்து பந்து போடுறியா?"

மண்டபமே சிரித்தது. கிளாரன்ஸ் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, சாயங்காலம் நாலு என்று எழுதிக்கொண்டான். கோபப்படவில்லை. அவனிடம் அதுதான் பிரச்சினை. கோபப்படமாட்டான், எழுதிக்கொள்வான்.

அப்புறம் பதினாலாம் பக்கம். நாலு கட்டம் போட்டிருந்தது. பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. பலம் என்ற கட்டத்தில் கடற்கரை மணலில் ஓடிய கால்கள் என்று எழுதியிருந்தான், சரி. பலவீனம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். முதல் வரி, "கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வழங்கப்படும் ஆலோசனை." அதற்குக் கீழே கணக்கு வேறு. இ. மாமா இருந்த ஆட்டம் முப்பத்தெட்டு, வாங்கிய கோல் எழுபத்தொன்று. இ. மாமா இல்லாத ஆட்டம் மூன்று, வாங்கிய கோல் ஒன்று.

"யாருல இந்த இ. மாமா?" என்றேன்.

தொம்மை கூரையைப் பார்த்தான்.

தம்பி, கணக்கு என்பது பேசத் தெரியாதவன் பேசுகிற பேச்சு. அந்த மூன்று ஆட்டம் எது? நான் சிக்குன்குனியாவில் கிடந்த மாதம். அந்த மாதம் காற்று எப்படி அடித்தது என்று கிளாரன்ஸ் எழுதியிருக்கிறானா? நான் எழுந்து கேட்டேன். தோப்புவிளை அந்த மாதத்தில் ஒரு கோல் கூட அடிக்கவில்லையே மாமா என்றான். அன்றைக்கு அவர்களுக்கு வயிறு சரியில்லை என்றேன். பதினோரு பேருக்குமா என்றான். ஒரே சட்டிச் சோறு தின்றால் பதினோரு பேருக்கும்தான் சரியில்லாமல் போகும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.

ஆனால் திட்டத்தில் ஏழாவது அம்சம் இருந்தது. பார்வையாளர்கள் யாரும் கோலுக்குப் பின்னால் நிற்கக் கூடாது, எல்லாரும் மேற்கே கேலரியில் உட்கார வேண்டும். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கிய கைகளை எண்ணினேன். ரோமால்ட் கையும் இருந்தது. தலை சொறிவதற்காகத் தூக்கியிருப்பான், அந்த நேரம் பார்த்து எண்ணிவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என் மனைவி மெற்றில்டா சொன்னாள், "தோணிய விட்டு இறங்கின நாள்லயிருந்து நீங்க சொல்றதக் கேக்க ஊருல ஒருத்தனும் இல்ல. ரோமால்ட் ஒருத்தன் கேட்டான். இப்ப அவனும் இல்ல. அதான் உங்களுக்கு." அவள் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கு வயிறு மந்தமாக இருந்தது, அவ்வளவுதான். ஸ்டூலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தேன்.

மூன்றாம் நாள் கிளாரன்ஸ் வீட்டுக்கே வந்தான். கையில் ஒரு நோட்டும் பேனாவும்.

"மாமா, திட்டத்துல இருவத்தி மூணாவது அம்சம். ஆதரவாளர் ஆலோசனைக் குழு. நீங்கதான் தலைவர். கேலரியில முதல் வரிசை, பங்குச் சாமியாருக்குப் பக்கத்துல நாற்காலி. நீங்க கத்த வேண்டாம். என்ன தோணுதோ அத இந்த நோட்டுல எழுதி, ஆட்டம் முடிஞ்சதும் எங்கிட்டக் குடுங்க."

தொம்மையிடம் சொன்னேன். "உன்ன ஓரங்கட்டுறானுவ" என்றான். "குழுவுல வேற யாரு?" என்று கேட்டான். வேறு யாரும் இல்லை என்றேன். "அப்ப நீ யாருக்குத் தலைவன்?" தொம்மைக்கு என்மேல் எப்போதுமே கொஞ்சம் பொறாமை உண்டு. தோணியிலும் அப்படித்தான்.

இப்படித்தான் தம்பி, நான் கேலரிக்குப் போனேன். முதல் ஆட்டத்தில் மிகவும் கஷ்டம். எதிரணிக்காரன் பந்தைக் கொண்டு வருகிறான், கடல் பக்கம்தான் அடிப்பான் என்று எனக்குப் பளிச்சென்று தெரிகிறது, நான் "கடல் பக்கம்" என்று எழுதி முடிப்பதற்குள் அவன் கோயில் பக்கம் அடித்து ரோமால்ட் அதைப் பிடித்தும் விட்டான். சாமியார் என் தொடையைத் தட்டி, "உட்காருங்க" என்றார். நான் எழுந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் எட்டு ஆட்டம். ஆறு ஜெயித்தோம். ஏன் ஜெயித்தோம்? கிளாரன்ஸைக் கேட்டால் நாலு மணிப் பயிற்சி என்பான், வயிற்றுக்கு முட்டை என்பான். முட்டை இதற்கு முன்னாலும் உலகத்தில் இருந்தது. புதிதாக வந்தது என்ன? என் நோட்டு. எட்டு ஆட்டத்துக்கு மூன்று நோட்டு எழுதினேன். ஒவ்வொன்றையும் கிளாரன்ஸ் இரண்டு கையாலும் வாங்கி, அதோ அந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவான். வேறு யாருக்கும் காட்டமாட்டான். விளையாடுகிற பையன்களுக்குக் கூடக் காட்டமாட்டான். எதிரணி கையில் கிடைத்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

தோப்புவிளைக்காரர்களுக்குத்தான் வருத்தம். கேலரிக்கு வந்து, "என்ன மாமா இப்படிப் பண்ணிட்டானுவ உங்கள? நாங்க வேணும்னா மனு எழுதித் தரட்டுமா?" என்றான் கேப்டன். எழுதியே கொடுத்தார்கள் தம்பி. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டு, இஞ்ஞாசி மாமாவை மீண்டும் கோலுக்குப் பின்னால் நிறுத்த வேண்டும் என்று. கிளாரன்ஸ் அதை வாங்கி நிதானமாக இரண்டு தடவை வாசித்தான். அவன் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. அப்போது எனக்கு அது புரியவில்லை. வெட்கப்பட்டிருக்கிறான் என்று பிறகு புரிந்தது.

அப்புறம் திருவிழாக் கோப்பை. ஃபைனல். நாங்களும் தோப்புவிளையும். எங்கள் ஊர் அந்தக் கோப்பையைத் தொட்டுப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. கேலரி நிரம்பி, சுற்றுச்சுவர்மேல், வேன் மேல், படகு மேல் எல்லாம் ஆள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரமும் முடிந்தது. பெனால்டி.

பெனால்டி என்றதும் என் கை பேனாவைக் கீழே போட்டுவிட்டது. அணிக்கு ஐந்து அடி. நடுவில் ரோமால்ட் மட்டும். பின்னால் யாரும் இல்லாமல். சின்னப் பிள்ளையில் கடலில் நீச்சல் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இப்போது அந்தப் பையன் தனியாக நிற்கிறான், நான் இங்கே சாமியார் பக்கத்தில் நாற்காலியில்.

அப்போது வந்தான் பாருங்கள் கிளாரன்ஸ். மைதானத்தின் குறுக்கே ஓடி வருகிறான். சட்டையெல்லாம் வியர்வை. கையில் மடித்த பேப்பர், தோப்புவிளை மனு.

"மாமா, கொஞ்சம் கோலுக்குப் பின்னால வாங்க."

நான் உடனே எழவில்லை.

"ஏழாவது அம்சம் என்ன சொல்லுது?" என்றேன்.

"அத நான் பாத்துக்கிடுதேன்."

"நான் குழுத் தலைவரு. கேலரிய விட்டு எப்படி வர?"

"தலைவராத்தான் கூப்பிடுதேன் மாமா. வாங்க. எப்பவும் போல கத்துங்க. நல்லா சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்துங்க."

"இனிமே நான் அங்கதான் நிப்பேன். சம்மதமா?"

"பெனால்டின்னா நீங்கதான். சம்மதம்."

நடந்தேன் தம்பி. ஊர் முழுக்கக் கை தட்டியது. எங்கள் ஆட்களைவிடத் தோப்புவிளைக்காரர்கள்தான் சத்தமாகத் தட்டினார்கள். அவர்கள் கேப்டன் கையெடுத்துக் கும்பிட்டான்! கிளாரன்ஸ் எனக்கு முன்னால் ஓடிப்போய் ரோமால்ட் காதில் ஏதோ சொன்னான். ரோமால்ட் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பயம். எனக்குத் தெரியாதா.

முதல் அடி எங்களுடையது, கோல். அடுத்து தோப்புவிளை கேப்டன். அவன் இரண்டடி பின்னால் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "கோயில் பக்கம்!" என்றேன். கோயில் மணி கூட அவ்வளவு தூரம் கேட்டிருக்காது. அவன் ஓடி வந்து கடல் பக்கம் அடித்தான். நம்ம பையன் என்ன செய்தான் தெரியுமா? நான் இவ்வளவு தெளிவாகக் கோயில் என்று சொல்லியும் கடல் பக்கம் விழுந்தான். பந்து நேரே கையில்.

ஊரே குதிக்கிறது. நான் கேட்டேன், "ஏல, காது கேக்கலையா?"

"கேக்குது மாமா, சொல்லுங்க, சொல்லிக்கிட்டே இருங்க" என்றான்.

இரண்டாவது ஆள். "கடல் பக்கம்!" இவன் கோயில் பக்கம் போனான். பந்தும் அங்கேயே வந்தது, பிடித்துவிட்டான். இத்தனை வருடமாகத் தட்டாத சொல்லை ஒரே நாளில் இரண்டு தடவை தட்டுகிறான். எனக்கு எப்படி இருக்கும்? கோப்பை முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

மூன்றாவது ஒரு வெளியூர்ப் பையன். திருவிழாவுக்காக மதுரையிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதுரைக்காரனுக்குக் கடல் ஏது. நான் "கடல் பக்கம்!" என்றேன். கடல் பக்கமே அடித்தான்! சொன்னேனா இல்லையா? நம்ம ஆள் கோயில் பக்கம் விழுந்து கிடக்கிறான். கோல். அந்த நாலு அடியில் ஒரே ஒரு கோல்தான் விழுந்தது, அதுவும் என் பேச்சைக் கேட்டிருந்தால் விழுந்திருக்காது. இதைவிட வேறு என்ன ருசு வேண்டும்?

நாலாவது ஆளுக்குக் "கோயில் பக்கம்" என்றேன். அவன் கடல் பக்கம் அடித்தான், ரோமால்ட் கடல் பக்கம் விழுந்தான், பிடித்தான். எங்கள் ஆட்கள் அதற்குள் மூன்று அடித்துவிட்டார்கள். மூன்றுக்கு ஒன்று. கோப்பை வலம்புரித்துறைக்கு. எல்லாரும் ரோமால்ட்டைத் தூக்கினார்கள். பிறகு என்னையும் தூக்கினார்கள். கிளாரன்ஸ் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தான். சாமியார் கூடச் சிரித்தார். தோப்புவிளைக் கேப்டன் மட்டும் நடு மைதானத்தில் உட்கார்ந்து என்னையும் ரோமால்ட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பதில்லை. தோற்றால் மனுஷன் மாறிவிடுகிறான்.

நான் சும்மா விடவில்லை. மறுநாளே நாலாவது நோட்டை வாங்கி, கோல்கீப்பரின் கீழ்ப்படியாமை பற்றி ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கிளாரன்ஸ் வாங்கிப் பூட்டினான். புத்தகத்தைத் திருத்தி மறுபடி அச்சடித்தபோது பதினாலாம் பக்கத்தைப் பார்த்தேன். "பலவீனம்" கட்டத்தில் நான் இல்லை. "பலம்" கட்டத்தில் இருக்கிறேன். "இ. மாமா, பெனால்டி நேரத்தில் மட்டும்" என்று. நான் கேட்கவில்லை தம்பி, அவனாகவே மாற்றியிருக்கிறான். அந்த "மட்டும்" பற்றி ஐந்தாவது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, என்ன ஆயிற்று? அறுபத்து நாலு பக்கத்தையும் வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் யாரிடம் ஓடி வந்தான்? திட்டம் திட்டம் என்கிறீர்களே, அன்றைக்கு அந்தப் புத்தகம் கோலுக்குப் பின்னால் வந்து நின்றதா?

கிளாரன்ஸ் வந்ததும் கேளுங்கள், பிரதி கொடுப்பான். நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் கிளப்பில் கோலுக்குப் பின்னால் நின்று சொல்ல அனுபவமுள்ள ஆள் இருக்கிறாரா?

இல்லையா?

அப்போது எதற்குப் புத்தகம்? எங்களுக்கு ஆட்டம் இல்லாத வாரத்தில் நானே வருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனைதான். உங்கள் கோல்கீப்பர் சொல்பேச்சுக் கேட்கிற பையனாக இருக்க வேண்டும்.